அஷ்டமியில் பார்த்த வீடு

இருபது வருடங்களுக்கும் மேலாக என் மேசைக்கு நேர் மேலே, சுவரில், ஓர் அலை அட்டவணை தொங்கிக்கொண்டிருந்தது. எந்த நாளில், எந்த நேரத்தில், கடல் எவ்வளவு ஏறும், எவ்வளவு வற்றும் என்று வருடம் முழுவதற்கும் அச்சடித்த தாள். தீவுக்குத் தீவு ஜெட்டி, அதாவது படகுத்துறை, கட்டும் அரசு அலுவலகம் ஒன்றில் டிராப்ட்ஸ்மேன் நான். கடல் ஏறும் மட்டத்தைக் குறிக்காமல் ஒரு வரைபடம்கூட என் மேசையை விட்டுப் போனதில்லை. அப்படிப்பட்டவன், சொந்த வீட்டுச் சாமானை ஏற்றிக்கொண்டு குடிபோக நாள் குறிக்கும்போது அந்தத் தாளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். அதையும் நான் பார்க்கவில்லை. என் மனைவி பார்த்தாள், நான் தலையாட்டினேன்.

இதை நானே சொல்லிவிடுவது நல்லது. போர்ட் பிளேரில் மற்றவர்கள் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறார்கள்.

வேலையை விடுவதென்று நான் முடிவெடுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. யாரும் என்னை அவமானப்படுத்தவில்லை. வரைபடங்கள் இப்போதெல்லாம் மெயின்லேண்டிலிருந்து கணினி வழியாக வந்து இறங்குகின்றன. வரைந்தவர் கடலைத் தேனிலவில் ஒருமுறை பார்த்திருக்கலாம். என் வேலை, தாளின் வலது மூலையில் 'சரிபார்க்கப்பட்டது' என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவது. சரிபார்த்தேன், தப்பாக இருக்கிறது என்று சொல்ல நினைத்தால், அதற்கு அந்த மூலையில் கட்டம் கிடையாது. பல வருடம் கட்டத்துக்குள் கையெழுத்துப் போட்டேன். ஒரு நாள் பேனாவை மூடி வைத்துவிட்டு, போதும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

அதற்குப் பதில் என்ன செய்வது என்பதையும் யோசித்து வைத்திருந்தேன். இந்த ஊரில் சமதரை என்பதே கிடையாது. எல்லா வீடும் ஏதாவது ஒரு சரிவில் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறது. ஆனால் பிளானெல்லாம் யாரோ மதுரைப் பக்கத்துச் சமவெளிக்குப் போட்டதை அப்படியே கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தது போலிருக்கும். முன்வாசலில் ஆறு படி ஏறு, பின்வாசலில் பத்தடி பள்ளத்தில் விழு. மழை எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் பார்த்து ஜன்னல். சரிவுக்கு ஏற்ற, காற்றுக்கு ஏற்ற பிளானை நான் போட்டுத் தருவேன். சொந்தமாக, என் பெயரில், எவருடைய மூலையிலும் கையெழுத்துப் போடாமல். இதுதான் என் மொத்தப் புரட்சியும்.

அந்தமானில் சர்க்கார் வேலையை விடுகிறேன் என்று சொல்வது, நடுக்கடலில் கப்பல் போய்க்கொண்டிருக்கும்போது இங்கேயே இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்வதைப் போன்றது. கோபப்பட மாட்டார்கள். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார்கள். "தபியத் டீக் ஹை நா, பாயி?" என்று அலுவலகத்தில் ஒவ்வொருவராக வந்து உடம்பை விசாரித்தார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றதும் கொஞ்சம் ஏமாந்துபோய், அப்படியானால் என் மேல் ஏதோ துறை விசாரணை ஓடுகிறது என்று முடிவு கட்டினார்கள். மனிதன் தன் விருப்பத்தால் ஒரு காரியத்தைச் செய்யலாம் என்ற மூன்றாவது சாத்தியம் யாருக்கும் தோன்றவில்லை.

விருப்ப ஓய்வு கேட்டு எங்கள் இன்ஜினியரிடம் பேப்பர் கொடுத்தேன். மூன்று மாத நோட்டீஸ். அதற்குள் மனம் மாறினால் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். அவர் அதைப் படிக்கவில்லை. தலைப்பை மட்டும் பார்த்தார், சிரித்தார்.

"ஆப் வாபஸ் ஆயேங்கே," என்றார். நீங்கள் திரும்பி வருவீர்கள்.

என்னைக் கெடுத்தது அந்தச் சிரிப்புதான். ஓய்வுக்குப் பிறகும் சில மாதங்கள் சர்க்கார் குவார்ட்டரில் இருந்துகொள்ள விதி இடம் கொடுக்கிறது. மின்னி பே என்ற கடலோரப் பகுதியில் எங்களுக்கு இரண்டு அறைக் குவார்ட்டர் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும். அந்த ஜன்னலுக்காகவே சிலர் கல்யாணமே செய்துகொள்வார்கள். ஆனால் சிரித்த மனிதர் கொடுத்த கூரையின் கீழ் இன்னும் ஒரு நாளும் இருக்க மாட்டேன் என்று எனக்கு ஒரு வேகம். நோட்டீஸ் முடிவதற்கு முன்பே காலி செய்து தருகிறேன் என்று இன்னொரு பேப்பரும் எழுதிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். வரிசை அப்படித்தான் அமைந்தது.

அன்று சாயங்காலமே அவளுடைய அண்ணன் வந்துவிட்டார். சுற்றுச்சுவர் கட்டும் காண்ட்ராக்டர். தீவில் எதைச் சுற்றிச் சுவர் இருந்தாலும் அதில் பாதி அவர் கட்டியது. மீதி இடிந்துவிட்டது என்று அவரே சொல்வார்.

"மாப்ளே, குவார்ட்டரை விட்டவன் இந்த ஊர்ல நல்லா இருந்ததா நான் பாக்கல."

"நீங்க குவார்ட்டர்லயே இருந்ததில்லையே மச்சான். நல்லாத்தானே இருக்கீங்க?"

"நான் காண்ட்ராக்டர்யா. எனக்குத் தோலு தடிப்பு. நீங்க பென்சில் சீவுற ஆளு. சீவுனா நீங்கதான் தேய்வீங்க."

நான் தேய்ந்து பார்க்கிறேன் என்றேன். அவர் தங்கையைப் பார்த்தார். தங்கை அடுப்படிக்குள் போய்விட்டாள். அங்கிருந்து பாத்திரச் சத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது.

ஊருக்கு வெளியே சிப்பிகாட்டில் ஒரு வீடு வாடகைக்கு இருப்பதாகத் தெரிந்தது. வீட்டுக்காரர் வடக்கே திக்லிபூரில் பாக்குத் தோப்போடு இருக்கிறார். சாவி முனைக்கடையில் இருக்கும், போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று போனில் சொன்னார். நான் போன நாள் ஆடி மாதம், சனிக்கிழமை, அஷ்டமி, ராகு காலம். நாள் தவறி அப்படி அமையவில்லை. வேண்டுமென்றேதான் போனேன். வாழ்க்கையைச் சொந்தக் காலில் தொடங்குகிறவன் நல்ல நேரம் பார்த்துத் தொடங்கினால், அந்தக் கால் சொந்தக் கால் அல்ல என்பது அப்போது என் கொள்கை.

பெரிய சாலையிலிருந்து ஒரு பாதை இறங்கி, ஒரு பள்ளத்தைக் கடந்து, மறுபடி ஏறி, மேட்டில் இருந்த வீட்டு வாசலில் முடிந்தது. பள்ளத்தின் இரண்டு பக்கமும் ஒரு காலத்தில் வயல்கள். சுனாமியின்போது இந்தப் பக்கத்து நிலமே தாழ்ந்துபோய், வயல்களுக்குள் கடல் வந்து குடியேறிவிட்டது. இப்போது அங்கே அலையாத்திச் செடிகள். இது தீவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஸ்கூட்டரில் பள்ளத்தைக் கடக்கும்போது பாதையில் நண்டுகள் குறுக்கே ஓடின. பாதையில் ஏன் நண்டு ஓடுகிறது என்று நாலு வயதுக் குழந்தைகூடக் கேட்கும். நான் ஹார்ன் அடித்தேன்.

வீட்டை மட்டும் மிக நன்றாகப் பார்த்தேன். சுவரைத் தட்டினேன், தளத்தைத் தட்டினேன், உத்தரத்தில் விரிசல் இருக்கிறதா என்று ஏணி வாங்கி ஏறிப் பார்த்தேன். சமையலறை ஜன்னலில் நல்ல காற்று வந்தது. முன்னறை விசாலம், வரைபலகை போடலாம், வருகிறவர்கள் உட்காரலாம். தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இனித்தது. அஸ்திவாரத்துக்கு மேலே இருந்த எதையும் நான் விடவில்லை. அஸ்திவாரத்துக்குக் கீழேயும் ஓர் உலகம் இருக்கிறது என்பதுதான் நினைவுக்கு வரவில்லை. அஷ்டமியில் நிலா பாதி. பாதி நிலாவின் நாட்களில் கடலும் அரை மனதோடுதான் ஏறும், அரை மனதோடுதான் இறங்கும். பௌர்ணமியிலும் அமாவாசையிலும்தான் முழு மூச்சோடு கிளம்பி வரும். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைப் படம் போட்டு விளக்கிய ஆளே நான்தான்.

மனைவி போனில் படங்களைப் பார்த்தாள். அவற்றில் உத்தரம் இருந்தது, ஜன்னல் இருந்தது. பாதை இல்லை.

"எப்ப போய் பாத்தீங்க?"

"சனிக்கிழமை காலைல."

அவள் காலண்டரைத் திருப்பினாள். "அஷ்டமி. ராவுகாலம். ஆடி மாசம். வேற ஏதாவது மிச்சம் இருக்கா?"

"எமகண்டம் மத்தியானம்தான். அதுவரைக்கும் இருக்க முடியல."

அவள் சிரிக்கவில்லை. காலண்டரில் இன்னொரு தாளைத் திருப்பிவிட்டு, பேரத்தை வைத்தாள்.

"வேலைய விடுறது உங்க இஷ்டம். என்னைக் கேட்டு விடல, அதனால அதைப் பேசல. குடிபோற நாளு என் இஷ்டம். ஆவணி பௌர்ணமி, ஞாயித்துக்கெழம, ஒம்பதரைக்கும் பத்தரைக்கும் நடுவுல பால் காய்ச்சணும். பால் நல்லபடியா பொங்குச்சா, உங்க வேலையப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டேன், செத்தாலும் பேசமாட்டேன். பொங்கல, இல்ல நேரம் தப்பிருச்சு, மறுநாள் போய் பேப்பரை வாபஸ் வாங்கிருங்க. பஸ். அவ்வளவுதான்."

இதற்கு நான் ஒப்புக்கொண்டேன். நல்ல நேரத்தை நம்பாதவன், தன் மிச்ச வாழ்க்கையை ஒரு பாக்கெட் பாலின் கையில் ஒப்படைத்தேன். ஏன் என்றால், பால் பொங்கும். அடியில் தீ வைத்தால் பொங்காத பாலை நான் பார்த்ததில்லை. அறிவியல் என் பக்கம் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். அறிவியல் என் பக்கம்தான் இருந்தது. அது சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

இந்த ஊரில் ஒருவன் வீட்டைக் காலி செய்கிறான் என்று தெரிந்தால், போய் வாருங்கள் என்று சொல்வதற்கு முன்னால், டிரம் எத்தனை என்று கேட்பார்கள். குழாயில் தினமும் தண்ணீர் வராத ஊர். நீல டிரம் எத்தனை வைத்திருக்கிறாய் என்பதில்தான் குடும்பத்தின் மதிப்பு. பக்கத்துக் குவார்ட்டர்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், கண் கலங்கினார்கள், டிரம்மைத் தட்டிப் பார்த்தார்கள். கிணற்று வீட்டுக்குப் போகிறோம், இனி டிரம் எதற்கு என்று நான் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். வள்ளல் என்று பெயர் எடுப்பதற்கு அதுதான் எனக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் ஒரு பிக்அப் வண்டியையும் டிரைவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். எதிர்த்தாலும் சாமான் ஏற்றத் தவற மாட்டார். அந்தக் குணத்தை நான் குறை சொல்ல முடியாது. டிரைவர் ராஞ்சியிலிருந்து இங்கே கூலிக்கு வந்தவர்களின் வம்சம், பேச்சு முழுக்க இந்தி. பீரோ, கட்டில், வரைபலகை எல்லாம் ஏறின. என் தொழிலுக்காக எழுதி வாங்கி வைத்திருந்த தகர போர்டும் ஏறியது. மனைவி முன்சீட்டில் உட்கார்ந்தாள். மடியில் பால் பானை, அதற்குள் பால் பாக்கெட், ஒரு கிண்ணத்தில் உப்பு, மஞ்சள் துண்டு, கக்கத்தில் சாமி படம். புது வீட்டுக்குள் முதலில் உப்பு நுழைய வேண்டும் என்பது வழக்கம். கடலும் அதைக் கேள்விப்பட்டிருக்க வேண்டும்.

பாதை இறங்கத் தொடங்கிய இடத்தில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். எஞ்சினையும் நிறுத்தினார்.

"பாபுஜி, ஆகே தோ சமுந்தர் ஹை." முன்னால் கடல் இருக்கிறது என்று, முன்னால் மாடு நிற்கிறது என்பதைப் போலச் சொன்னார்.

இறங்கிப் பார்த்தேன். பள்ளம் இல்லை. பாதை இல்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை தண்ணீர், வெயிலில் பளபளவென்று. அலையாத்திச் செடிகளின் தலைகள் மட்டும் வெளியே தெரிந்தன. பாதி தேங்காய் மட்டை ஒன்று நான் ஹார்ன் அடித்த இடத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மேட்டில் எங்கள் வீடு, விரிசல் இல்லாத உத்தரத்தோடு, நனையாமல், கம்பீரமாக நின்றது.

மச்சான் பின்னாலிருந்து குதித்து இறங்கி வந்தார். ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு வண்டியின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"மாப்ளே! நீங்கதான் இனிமே ஊருக்கெல்லாம் வீட்டு பிளான் போடப்போறீங்க?"

"வீட்டுக்குள்ள தண்ணி போகல மச்சான், பாருங்க."

"வீட்டுக்குள்ள போகல. வீட்டுக்குத்தான் நாம போக முடியல."

டிரைவரிடம் கெஞ்சிப் பார்த்தேன். உப்புத் தண்ணீரில் வண்டியை இறக்கினால் முதலாளி தன் தோலை உரிப்பார் என்று சொல்லிவிட்டுப் பீடி பற்ற வைத்தார். பிறகு மனைவி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"எப்ப வத்தும்?"

"பன்னெண்டரைக்கு மேல ஆகும். இப்பத்தான் உச்சம்."

வாழ்க்கையில் இவ்வளவு சரியான பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை. யாரும் பாராட்டவில்லை.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"ஞாபகம் வரல."

அவள் என்னைப் பார்த்தாள். மேசையில் பல வருடம் மட்டம் குறித்திருக்கிறேன், மனிதர்கள் என்னை இவ்வளவு தாழ்ந்த மட்டத்தில் குறித்ததில்லை. நேரம் ஒன்பதரையைத் தாண்டிவிட்டது. பேரம் என்னவென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பத்தரைக்குள் அந்தச் சமையலறையில் பால் பொங்காவிட்டால் நாளைக் காலையில் நான் இன்ஜினியரின் மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும். அவர் சிரிப்பார். ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். 'திருப்புங்க' என்று சொல்ல நான் வாயைத் திறந்திருந்தேன். அலுவலகத்தை எதிர்த்தவன், ஊரை எதிர்த்தவன், ராகு காலத்தை எதிர்த்தவன், ஒரு பள்ளத்துத் தண்ணீரைப் பார்த்ததும் வாயைத் திறந்துவிட்டேன். சத்தம் வருவதற்குள் மச்சான் முந்திக்கொண்டார்.

"சரி, விடும்மா. வண்டியத் திருப்பச் சொல்றேன். சாமான நம்ம கோடவுன்ல எறக்குவோம். மாடியில ரூம் சும்மாதான் கெடக்கு. நாளைக்கு மாப்ளே போய் பேப்பரை வாங்கிக்கட்டும். அது எங்கயும் போகல. நான் சாப்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், டிராயர்லயேதான் கெடக்கு."

தேங்காய் மட்டை ஒரு சுற்றுச் சுற்றியது.

மனைவி கதவைத் திறந்து இறங்கினாள். "யார்கிட்ட சொல்லி வச்சிருக்க?"

"சாப்கிட்ட. மாப்ளையோட இன்ஜினியர். நமக்குத் தெரிஞ்ச ஆளுதான."

"எப்ப சொன்ன?"

"குடுத்த மறுநாளே. மேல அனுப்பாதீங்க, கொஞ்ச நாள்ல தானா தெளிஞ்சிரும்னேன். உன் நல்லதுக்குத்தாம்மா."

"என் நல்லதுக்கு நான் பால் காய்ச்சப் போறேன். நடுவுல நீ யாரு?"

"ஏம்மா, இந்த ஆளு கிறுக்கு மாதிரி..."

"மாதிரி என்ன மாதிரி? கிறுக்குதான். எனக்குத் தெரியாதா? ஒரே வீட்டுல இருக்கேன். கிறுக்கா இருந்தா நான் சண்டை போட்டுக்கறேன், பேரம் பேசிக்கறேன். உங்கிட்ட வந்து, எம் புருசன் பேப்பரை டிராயர்ல வைக்கச் சொல்லுன்னு கேட்டேனா?"

"அரே, நான் என்ன..."

"இவரு பேப்பர் குடுத்தாரு, எங்கிட்ட சொல்லல. நீ பேப்பரை நிறுத்துன, நீயும் எங்கிட்ட சொல்லல. ரெண்டு பேருக்கும் நான் யாரு, டிரம்மா?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் புடவையைத் தூக்கிச் செருகினாள். தீப்பெட்டியைக் கொண்டைக்குள் வைத்தாள். பானையை இடுப்பில் வைத்து, சாமி படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கடலுக்குள் நடந்தாள்.

"பாபிஜி! மகர்மச் ஹோதா ஹை இதர்!" டிரைவர் பீடியை எறிந்துவிட்டுக் கத்தினார். இங்கே முதலை இருக்கும்.

அவள் திரும்பவில்லை. "முதலை வந்தா எங்கண்ணன சாப்கிட்ட பேசச் சொல்லுங்க," என்று தமிழிலேயே சொன்னாள். டிரைவருக்குப் புரியவில்லை. மச்சானுக்குப் புரிந்தது.

இத்தனை நாளாக எதிர்ப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எதிர்ப்பே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பேப்பர் எழுதிக் கொடுத்துவிட்டு முறைத்துக்கொண்டிருப்பதற்கு உட்கார ஒரு நாற்காலி இருந்தால் போதும். ஒற்றை பர்னர் அடுப்போடு சேர்ந்த சின்ன சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டேன். இன்னொரு கையில் தகர போர்டைத் தூக்கித் தலைமேல் பிடித்துக்கொண்டேன். போர்டை ஏன் எடுத்தேன் என்று கேட்டால் இன்றைக்கும் பதில் கிடையாது. இறங்கினேன். தண்ணீர் இடுப்பளவு இருந்தது. அடியில் சேறு செருப்பைக் கேட்டது, கடிகாரக் கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டேன். பின்னால் மச்சான், "மாப்ளே, வேணாம்யா! அவ கோவக்காரி, நீங்களாவது யோசிங்க!" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். யோசிக்கும் வழக்கத்தைத்தான் பாதையோடு சேர்த்து நான் தொலைத்திருந்தேனே.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் உப்பை வைத்தாள், மஞ்சளை வைத்தாள், படத்தை வடக்குச் சுவரோரம் சாய்த்தாள். அடுப்பை மூட்டினாள். அணைந்தது. மறுபடி மூட்டினாள். அணைந்தது. நான் புகழ்ந்து புகழ்ந்து படம் எடுத்து அனுப்பிய சமையலறை ஜன்னலின் நல்ல காற்று, தென்மேற்கிலிருந்து நேராக வந்து எங்கள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்குக் கதவு உண்டு. மழையில் ஊறி உப்பிப்போய், மூட மறுத்தது. கடைசியில் போர்டை நிமிர்த்தி அடுப்புக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தேன். ஒரு மூலையில் என் பெயரின் கடைசி எழுத்தைத் தீ நக்கி, பெயின்ட் கொப்புளித்தது. வலித்தது, பிடித்துக்கொண்டேன். கைச்சூட்டைத்தான் சொல்கிறேன்.

"மணி என்ன?" என்றாள், பாலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பத்து இருபது."

என் கைக்கடிகாரம் அப்படித்தான் காட்டியது. தண்ணீரில் அது எப்போது நின்றுபோனது என்று நான் ஆராயவில்லை. இந்த வீட்டில் அதற்குப் பிறகும் யாரும் ஆராய்ந்ததில்லை.

பால் விளிம்புக்கு வந்தது, யோசித்தது, பொங்கியது. கிழக்குப் பக்கமாக வழிந்தது. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "கெழக்கால பொங்கிருக்கு. ரொம்ப விசேசம்." தரை கிழக்கே அரை அங்குலம் வாட்டமாக இருந்தது. வீட்டுக்குள் நுழைந்த உடனேயே அதைக் கவனித்துவிட்டேன். சொல்லவில்லை. குடும்பம் நடத்துகிற டிராப்ட்ஸ்மேன் குறிக்காமல் விட வேண்டிய மட்டங்கள் சில உண்டு.

அக்கரையிலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"பொங்குச்சாம்மா?" மச்சானின் குரலில் உண்மையாகவே கவலை இருந்தது.

"பொங்கிருச்சு. உன் சாப்கிட்ட சொல்லிரு."

மதியத்துக்கு மேல் கடல் தன் பாட்டுக்கு இறங்கிப் போனது. டிரைவர் சேற்றில் சறுக்கிச் சறுக்கி வண்டியைக் கொண்டுவந்தார். மச்சான் பீரோவைத் தனியாகவே முதுகில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார். பொங்கிய பாலில் தங்கை டீ போட்டுக் கொடுத்தாள். குடித்தார், முகத்தைச் சுளித்தார். லேசாக உப்புக் கரித்தது. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். அவர்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்கிற முறை அது.

மறுநாள் அலுவலகத்துக்குப் போய் இன்ஜினியரின் மேசைக்கு முன்னால் நின்றேன். அவர் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு டிராயரைத் திறந்தார். வாபஸ் வாங்க வரவில்லை, மேலே அனுப்புங்கள், அனுப்பும்வரை இங்கேயே நிற்கிறேன் என்றேன். "ஸோச் லியா?" என்றார், யோசித்துவிட்டீர்களா என்று. யோசித்தவர்களெல்லாம் கரையிலேயே நிற்கிறார்கள் சாப் என்று சொல்ல ஆசை. இந்தியில் அது அவ்வளவு நன்றாக வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். கையெழுத்துப் போட்டார். சரியான கட்டத்தில்.

இந்த வீட்டில்தான் இன்னும் இருக்கிறேன். மாறச் சொல்லி யோசனை சொல்கிறவர்கள் குறையவில்லை. மாறப் போவதில்லை. பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிச் சில நாட்கள், காலையில் இரண்டு மூன்று மணி நேரம், யாரும் என் வீட்டுக்கு வர முடியாது. சர்க்காரில் இருந்தபோது விடுமுறைக்கு எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. இப்போது கடலே அனுப்பிவைக்கிறது. வருகிறவர்களிடம் போனிலேயே நேரம் சொல்லிவிடுகிறேன். சிலர் நேரத்தைக் கேட்டதுமே, இவரிடமா பிளான் போடுவது என்று பின்வாங்குகிறார்கள். பின்வாங்கட்டும். மற்றவர்கள் வந்து, கொப்புளித்த போர்டைப் பார்த்துவிட்டு, முன்னறையில் உட்கார்ந்து, தங்கள் சரிவைக் கையால் சாய்த்துக் காட்டுகிறார்கள். கூட்டம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களுக்கு நான் போடுகிற தாளின் வலது மூலையில் ஒரே ஒரு கட்டம்தான், என் பெயருக்கு. யாருடைய மனையைப் பார்க்கக் கிளம்பினாலும் பௌர்ணமியன்று காலையில்தான் போகிறேன். என் தொழிலில் இதைவிட நல்ல நேரம் கிடையாது என்பதைக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்துக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

நோட்டீஸ் முடிந்த நாளன்று அலுவலகத்தில் வழியனுப்பு விழா வைத்தார்கள். சால்வை, சுவர்க்கடிகாரம், சமோசா. மனைவியையும் அழைத்து முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். எனக்கே வியப்பாக நன்றாகப் பேசினேன். இந்தக் கரையில் பத்திரமான வாழ்வு, அந்தக் கரையில் சுதந்திரம், நடுவே இடுப்பளவு ஆழத்தில் முதலை வாழும் கடல், திரும்பிப் பார்க்காமல் நான் இறங்கிக் கடந்தேன் என்று இந்தியில் முழங்கினேன். கை தட்டினார்கள். தட்டுவதை நிறுத்தவில்லை. இன்ஜினியரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வந்து உட்கார்ந்தேன்.

மனைவி சமோசாத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"முழங்கால் அளவுதாங்க இருந்துச்சு," என்றாள். "நீங்க குனிஞ்சு நடந்தீங்க."